பலெர்மோவின் மான்காடுகளும் வேட்டைக்காலமும்

மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறிச் சாந்தா ரோசாலியாவின் குகைக்கோயிலில் மெழுகுதிரி ஏற்றாத தமிழ்க் குடும்பம் பலெர்மோ நகரில் அரிது. சைவரும் கத்தோலிக்கரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதையில் ஒன்றாகவே ஏறுகின்றனர். அதே மலையின் கடல் நோக்கிய சரிவில் அத்தாவுரா என்னும் குகைகள் உள்ளன. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படையினர் அங்கு வெடிமருந்தைச் சேமித்து வைத்தனர். தற்செயலாக நேர்ந்த வெடிப்பில் பாறைச் சுவரின் மேற்படலம் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் கற்கால மனிதர் கூரிய கல்லால் கீறிய உருவங்கள் வெளிப்பட்டன. 1953 இல் தொல்லியலாளர் யோலே போவியோ மார்க்கோனி அவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். சூழ்ந்து நிற்கும் மனிதர், அவர்களைச் சுற்றிக் காட்டுமாடு, குதிரை, மான் என அக்கோடுகள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. பாறை சரியும் ஆபத்தினால் குகை மூடப்பட்டுள்ளது. கீறல்களின் அச்சுப்படிகள் நகரின் சலீனாஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இன்று அம்மலையில் மான் இல்லை, வேட்டையும் இல்லை. 1995 முதல் மலையும் அதன் அடிவாரத்திலுள்ள ஃபவோரித்தாப் பூங்காவும் இயற்கைக் காப்பகமாக உள்ளன. ஆயினும் மலையை விட்டு இறங்கி, நகருக்கு வெளியே காட்டுக்கும் வயலுக்கும் செல்லும் எவரும் செப்தெம்பர் முதல் ஜனவரி வரை வெடியோசை கேட்பர். அந்த ஓசையின் பின்னாலுள்ள சட்டம் எது, அந்த நாள்களில் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கலாகாது என்பவற்றை அறிந்திருப்பது குடும்பங்களின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

மதிலுக்குள் மன்னரின் மான்

பலெர்மோவில் மான் வேட்டை நெடுங்காலம் ஒரே ஒருவருடைய உரிமையாக இருந்தது. 12 ஆம் நூற்றாண்டில் நோர்மன் மன்னர் இரண்டாம் ருஜ்ஜெரோ நகரைச் சூழ்ந்த மலைகளிலும் காடுகளிலும் கல்மதில் எழுப்பி, உள்ளே மரங்களை நட்டு, மான்களையும் காட்டுப்பன்றிகளையும் விடுவித்தார் என்று சலேர்னோவின் பேராயர் ரொமுவால்டு எழுதிய வரலாறு கூறுகின்றது. நகருக்குத் தெற்கேயுள்ள அல்தோஃபோந்தே என்னும் ஊருக்குப் பழைய பெயர் பார்க்கோ. அந்தப் பெயர் மன்னரின் வேட்டைப் பூங்காவிலிருந்து வந்ததே. நோர்மன் அரண்மனையில் ருஜ்ஜெரோ மண்டபம் என்று வழங்கும் அறையின் மொசைக் ஓவியங்களில் வில்லாளரும் மான்களும் சிறுத்தைகளும் மயில்களும் பொன்னிறப் பின்னணியில் எதிரெதிராக நிற்கக் காணலாம். மயிலைக் கண்டதும் தமிழ்க் குழந்தைகள் முருகனை நினைப்பது இயல்பு. அதைச் செய்வித்த மன்னருக்கோ அது தோட்டத்து அழகுப் பறவை.

மொன்ரேயாலே பேராலயத்தின் பிறப்புக் கதையும் வேட்டையோடு தொடர்புடையது. இரண்டாம் குல்யெல்மோ மன்னர் வேட்டையாடிக் களைத்து ஒரு கரோபு மரத்தடியில் உறங்கினார் என்றும், கனவில் கன்னி மரியா தோன்றி மரத்தடியிலுள்ள புதையலைக் காட்டினார் என்றும், அப்பொருளைக் கொண்டு ஆலயம் எழுந்தது என்றும் ஊர்மக்கள் கூறுவர். சான்று கேட்கத்தக்க கதை அன்று. ஆனால் அக்காலத்தில் மலைச்சரிவு முழுவதும் மன்னரின் வேட்டைக்காடாக இருந்தது என்ற உண்மை அக்கதைக்குள் பொதிந்துள்ளது.

பலெர்மோவில் வளர்ந்து, இந்நகரப் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்ட இரண்டாம் ஃபெதெரிகோ பேரரசர் (1194–1250) வல்லூறு கொண்டு பறவை பிடிக்கும் கலைபற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூலே எழுதினார். பறவைகளைத் தாமே உற்றுநோக்கிக் கண்டவற்றை அதில் பதிந்தமையால், உயிரியல் வரலாற்றிலும் அந்நூலுக்கு இடம் உண்டு.

ஏறக்குறைய ஐந்தரை நூற்றாண்டுகளின் பின் மற்றொரு மன்னர் வேட்டைக்காகவே காடு தேடினார். பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி 1798 டிசெம்பரில் நாப்போலியிலிருந்து தப்பி வந்த போர்போன் மன்னர் பெர்தினாந்தோ, பலெர்மோ சேர்ந்த மறு ஆண்டே மொந்தே பெல்லெக்ரீனோ அடிவாரத்து நிலங்களை ஒன்றுசேர்த்து ஃபவோரித்தாவை உருவாக்கினார். நாடு இழந்தவர்க்கும் வேட்டை இன்றியமையாததாயிற்று போலும். அதுவும் போதாமல், நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில், கொர்லியோனே நகரசபைக்கு உட்பட்ட ஃபிக்குட்சாக் காட்டில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டை மாளிகை ஒன்றைக் கட்டுவித்தார். ரொக்கா புசாம்பிரா என்னும் 1613 மீற்றர் உயரமான சுண்ணப்பாறை மலை அம்மாளிகைக்குப் பின்னே சுவர்போல் எழுந்து நிற்கின்றது. வேட்டைத் தெய்வமான தியானாவின் உருவம் முகப்பில் செதுக்கப்பட்டுள்ளது. காட்டுக்குள் சற்று நடந்தால் ‘மன்னரின் மேடை’ எனப்படும் பாறையைக் காணலாம். படிகளும் இருக்கையும் குடையப்பட்ட அப்பாறையில் மன்னர் துப்பாக்கியுடன் காத்திருப்பார். ஆள்கள் காட்டைக் கலைத்து விலங்குகளை அவர் முன்னே துரத்துவர். வன்னிக் காட்டில் பதுங்கிக் காத்திருந்த வேட்டைக்காரரின் பேரர்களுக்கு இந்த ஏற்பாடு வேட்டையாகத் தோன்றாமற் போகலாம்.

மதில்கள் இடிந்தன, மன்னர்களும் போயினர். காடுகள் வெட்டப்பட்டு வயலாயின. இத்தீவில் இயற்கையாக வாழ்ந்த செம்மானும் ரோ மானும் அற்றுப்போயின. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிசிலியின் ஓநாயும் அற்றுப்போயிற்று. இன்று மதோனியே மலைகளில் மக்கள் காணும் மான் வேறொன்று. அது தாயினோ, மனிதரால் கொண்டுவரப்பட்டு, அடைப்புகளிலிருந்து வெளியேறிப் பெருகிய இனம்.

எந்த மான் எது

மான் வேட்டை என்றால் தொலைக்காட்சியிலும் கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் படங்களிலும் வருவது பெரும்பாலும் வெண்வால் மான். அது வட அமெரிக்காவுக்கு உரியது. அஞ்சும்போது வாலை உயர்த்தி அதன் வெண்மையான அடிப்புறத்தைக் காட்டி ஓடுவதால் அப்பெயர் பெற்றது. 1934 இல் அமெரிக்காவின் மின்னெசோட்டாவிலிருந்து பின்லாந்துக்குச் சில கொண்டுசெல்லப்பட்டுப் பெருகின. இத்தாலியின் காடுகளில் அது இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலத்தில் வேட்டைக்காரர் செம்மஞ்சள் ஒளிர் உடை அணிவது சட்டப்படி கட்டாயம். அந்தப் பழக்கம் இங்குள்ள நடையர்களுக்கும் நல்ல பாடம். அதுபற்றிப் பின்னர் கூறப்படும்.

தாயினோவைக் கண்டால் ஈழத்துக் காட்டை அறிந்தவர்கள் புள்ளிமான் என்றே எண்ணுவர். கோடையில் அதன் செம்பழுப்புத் தோலில் வெண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். வேறுபாடு கொம்பில் உள்ளது: புள்ளிமானின் கொம்பு கிளைவிட்ட கோலாக உயரும், தாயினோ ஆணின் கொம்பு நுனியில் விரித்த உள்ளங்கைபோல் அகன்றிருக்கும். குளிர்காலத்தில் புள்ளிகள் மங்கிச் சாம்பல்கலந்த பழுப்பாகிவிடும். புள்ளிமானுக்கோ ஆண்டு முழுவதும் புள்ளி உண்டு. ஒக்தோபரில் ஆண்மான்கள் உறுமிப் போரிடும். கன்றுகள் ஜூன் அளவில் பிறக்கும். வசந்தத்தில் ஆண்கள் கொம்புகளை உதிர்க்கும்.

ஓநாய் இல்லாத காட்டில் தாயினோவும் காட்டுப்பன்றியும் தடையின்றிப் பெருகின. இளமரங்களின் பட்டையைக் கடித்து, உழவரின் பயிரை மேய்ந்து, வீதியில் வாகனங்களோடு மோதுகின்றன. 1989 இல் நிறுவப்பட்ட மதோனியே பூங்காவில் சாதாரண வேட்டைக்கு இடமில்லை. எனவே எண்ணிக்கையைக் குறைக்கும் பணி, பயிற்சி பெற்றுப் பெயர் பதிந்த கட்டுப்பாட்டாளர்களைக் கொண்டு, பூங்கா வகுக்கும் திட்டத்தின்படி மட்டுமே நடைபெறும். இதைச் சிலர் வேட்டைக்கு வழி திறந்துவிட்டதாகப் பிழையாக எண்ணுகின்றனர். பூங்காவில் மான் சுடப்படுகின்றது என்ற செய்தியைக் கேட்டுத் தாமும் சுடலாம் எனக் கருதுபவர் குற்றவியல் வழக்கையே எதிர்கொள்வார்.

விலங்கு யாருடையது

இத்தாலியில் 1977 வரை காட்டு விலங்கு எவருக்கும் உரியதல்லாத பொருளாகக் கருதப்பட்டது. பிடித்தவருக்கு அது சொந்தம். அவ்வாண்டு டிசெம்பரில் நிறைவேறிய 968 ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றிற்று. காட்டு விலங்கு அரசின் உடைமையாயிற்று. இன்று நடைமுறையிலுள்ள 1992 ஆம் ஆண்டின் 157 ஆம் இலக்கச் சட்டமும் அதையே முதல் உறுப்பில் உறுதிசெய்கின்றது: காட்டு விலங்கு கைமாற்ற முடியாத அரசுடைமை, நாட்டு மக்களின் நலனுக்காகவும் உலக மக்களின் நலனுக்காகவும் அது காக்கப்படும். சிசிலிக்கு 1997 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க மாநிலச் சட்டமும் உண்டு.

இதன் பொருள் எளிது. முன்னாளில் மன்னருடையதாகவும், பின்னர் பிடித்தவருடையதாகவும் இருந்த விலங்கு இப்பொழுது எல்லாருடையது. வேட்டைக்காரர் அனுமதி பெற்று, குறித்த காலத்தில், குறித்த இனத்தை, குறித்த எண்ணிக்கையில் எடுக்கலாம். அனுமதி இன்றி முயல் ஒன்றைக் கண்ணிவைத்துப் பிடிப்பதும் பொது உடைமையில் கைவைப்பதே. இலங்கையிலும் 1937 முதல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிலவி வருகின்றது. ஆயினும் வன்னியில் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் கண்ணியும் பலர் கண்டு வளர்ந்தவையே. அந்தக் கைப்பழக்கம் இங்கு உதவாது. கண்ணி, பொறி, பசை, வலை ஆகியவை இத்தாலியில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டவை. வலை முதலியவற்றால் பறவை பிடிப்பதற்கு ஓராண்டு வரை சிறையோ தண்டமோ விதிக்கப்படலாம். பூங்கா, இயற்கைக் காப்பகம், நகரத் தோட்டம் ஆகியவற்றுள் வேட்டையாடினால் ஆறு மாதம் வரை சிறையும் தண்டமும் உண்டு. ஃபவோரித்தாவில் புறாவுக்கு வலை விரிப்பதும் இவ்வகைக் குற்றங்களுள் அடங்கும். குற்றவியல் பதிவு ஒன்று சொஜோர்னோவைப் புதுப்பிக்கும்போதும் குடியுரிமை கோரும்போதும் ஆராயப்படும் என்பதையும் குடும்பங்கள் மறத்தலாகாது.

முறையாக வேட்டையாட விரும்புபவர் 18 வயது நிறைந்தவராய் இருத்தல் வேண்டும். வேட்டைச் சட்டம், விலங்குகளை இனங்காணல், ஆயுதமும் தோட்டாவும், இயற்கைப் பாதுகாப்பும் வேளாண்மையும், முதலுதவி ஆகியவற்றில் தேர்வு உண்டு. இவையனைத்தும் இத்தாலிய மொழியில் நடைபெறும். தேர்ச்சி பெற்ற பின்னரே குவெஸ்தூரா துப்பாக்கி அனுமதிப்பத்திரம் வழங்கும். பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்புறுதியும் ஒவ்வொரு வேட்டை நாளையும் பதியும் மாநிலக் குறிப்பேடும் கட்டாயம். முதல் பன்னிரண்டு மாதங்களில் புதியவர் தனியே செல்ல முடியாது. மூன்றாண்டேனும் அனுமதிப்பத்திரம் உடைய ஒருவர் உடன் வருதல் வேண்டும். ஊரில் தந்தையின் பின்னாலோ மாமாவின் பின்னாலோ நடந்து காட்டைக் கற்ற முறையைச் சட்டமாக்கினால் இப்படித்தான் இருக்கும்.

வெடிபடும் நாள்கள்

பொது வேட்டைக்காலம் செப்தெம்பர் மூன்றாம் ஞாயிறு தொடங்கி ஜனவரி 31 இல் முடியும். ஒவ்வோர் ஆண்டும் சிசிலி மாநிலம் வேட்டை நாட்காட்டி ஒன்றை வெளியிடும். சில இனங்களுக்குச் செப்தெம்பர் முதல் நாள்களிலேயே வேட்டை திறக்கப்படுவதும் உண்டு. இத்தீவின் வேட்டைக்காரர் பெரும்பாலும் நாடுவது முயலையும் காட்டுப்புறாவையும் பாடும் பறவையான தொர்தோவையும் காட்டுப்பன்றியையும். நேரம், சூரிய உதயத்துக்கு ஒரு மணி முன்பிலிருந்து மறைவு வரை.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுவதும் வேட்டை அமைதி நாள்கள். எஞ்சிய ஐந்து நாள்களுள் வேட்டைக்காரர் ஒருவர் மூன்று நாள்களே செல்லலாம். இவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீடுகளில் பணிபுரிவோருக்கும் முதியோரைப் பராமரிப்போருக்கும் இந்நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் ஓய்வு ஞாயிறும் வியாழன் பிற்பகலுமே. அவ்விரண்டும் வேட்டை நாள்கள். ஞாயிறோ வேட்டைக்காரருக்கும் ஓய்வு நாளாதலால் காட்டில் துப்பாக்கிகள் மிகும் நாள் அதுவே. பிள்ளைகளோடு காட்டு நடை செல்லவோ, காட்டுக்கீரை பறிக்கவோ எண்ணுபவர் இயன்றால் வெள்ளி அல்லது செவ்வாய்க்கு மாற்றலாம். இயலாதெனில் காப்பக எல்லைக்குள்ளேயே நடப்பது நன்று. மொந்தே பெல்லெக்ரீனோவும், 7000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட ஃபிக்குட்சாக் காப்பகமும் அதற்கு ஏற்றவை. ஆனால் ஃபிக்குட்சாவின் எல்லை மாளிகைபோல் மதிலுடையதன்று. பாதை ஒன்றில் பேச்சு மும்முரத்தில் நடந்தால் அறியாமலே வெளியே வந்துவிட முடியும். ‘ரிசெர்வா நத்துராலே’, ‘திவியேத்தோ தி காச்சா’ என்னும் பலகைகளைக் காணும்வரை காப்பகம் என்று கொள்ளலாகாது.

வேட்டைக்காரர் வீடுகளிலிருந்தும் பணியிடங்களிலிருந்தும் 100 மீற்றருக்குள்ளும், வீதி, தொடருந்துப் பாதை ஆகியவற்றிலிருந்து 50 மீற்றருக்குள்ளும் வேட்டையாட முடியாது. 150 மீற்றருக்குக் குறைந்த தொலைவிலிருந்து வீட்டையோ வீதியையோ நோக்கிச் சன்னத் துப்பாக்கியால் சுடவும் முடியாது. வயல்களுக்கிடையேயுள்ள மண்பாதை இந்த வீதிக் கணக்கில் சேராது என்பதை நடையர்கள் அறிதல் வேண்டும். வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி எடுத்துச் செல்வதும் வேட்டைக்காரரின் கடமை.

நகருக்கு வெளியே தோட்டக் காணி வாடகைக்கு எடுத்து முருங்கையும் பயற்றங்காயும் வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒரு சட்டவிதி வியப்பளிக்கும். இத்தாலியக் குடியியல் சட்டத்தின் 842 ஆம் உறுப்பின்படி, காணி உரிமையாளர் வேட்டைக்காரர் உள்ளே வருவதைப் பொதுவாகத் தடுக்க முடியாது. காணியைச் சுற்றி 1.20 மீற்றருக்குக் குறையாத மதிலோ கம்பிவலையோ இருந்தால், அல்லது வேட்டையால் சேதப்படக்கூடிய பயிர் நிலத்தில் நின்றால் மட்டுமே தடை செல்லும். ஆகவே நாயும் துப்பாக்கியுமாய் ஒருவர் காணிக்குள் நுழைந்தால் அவரைத் திருடர் என்று எண்ணிச் சண்டைக்குச் செல்லுதல் தகாது. “போனா ஜோர்னாத்தா” என்று வணக்கம் கூறி, பயிர் நிற்கும் பாத்தியைக் காட்டினால் பெரும்பாலானோர் சுற்றிச் செல்வர். வீட்டுக்கு 100 மீற்றருக்குள் சுட்டால் நிலைமை வேறு. அப்பொழுது 112 க்கோ, சிசிலியின் மாநில வனக் காவல் படையின் 1515 க்கோ அழைத்து இடத்தின் பெயரையும் நேரத்தையும் கூறுதல் வேண்டும்.

காட்டில் நடப்பவர் மங்கிய பச்சையும் பழுப்பும் அணிவது ஆபத்து. செம்மஞ்சளோ கடும் மஞ்சளோ நல்லது. வேலைத்தளங்களில் அணியும் ஒளிர் மேலங்கியே போதும். விடியலிலும் அந்தியிலும் புதருக்குள் குனிந்து கீரையோ காளானோ தேடுவது, தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு விலங்கின் அசைவு போலவே தோன்றும். வெடி கேட்டால் ஓடாமல் நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தல் வேண்டும். காட்டுப்பன்றிக்குப் பலர் கூடிக் காட்டைக் கலைக்கும் வேட்டையைப் ‘பத்தூத்தா’ என்பர். அச்சொல் எழுதிய அறிவிப்புப் பலகை வழியில் கண்டால் அன்று அப்பாதையைக் கைவிட்டுத் திரும்புவதே அறிவுடைமை. மன்னர் காலத்து வேட்டை முறையின் எச்சம் இதுவே; சுடுபவர் அசைவை எதிர்நோக்கி நிற்பார், எவர் அசைவு என்று பார்க்கக் கிடைப்பது கணப்பொழுது.

எவரேனும் காயமுற்றால் 112 அழைத்த பின், சுட்டவரின் பெயரையும் அனுமதிப்பத்திர விவரத்தையும் பெற முயல வேண்டும். காப்புறுதி கட்டாயமாதலால் இழப்பீடு கோரலாம். சுட்டவர் இன்னார் என்று தெரியாதபோதும், காப்புறுதி இல்லாதபோதும் பாதிக்கப்பட்டோருக்கென உத்தரவாத நிதியம் ஒன்றை 1992 ஆம் ஆண்டின் சட்டமே அமைத்துள்ளது. மருத்துவச் சான்றுகளைப் பத்திரப்படுத்தி வைத்தல் இதற்கு அவசியம்.

கண்டால் தொடாதவை, தந்தால் உண்ணாதவை

ஜூன் மாதத்தில் புல்லுக்குள் தனியே கிடக்கும் மான்கன்று அநாதை அன்று. தாய் மேயச் செல்லும்போது அதை மறைத்து வைத்துவிட்டுச் செல்லும். கன்று அசையாமல் கிடப்பதே அதன் பாதுகாப்பு. இரக்கத்தால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவோர் அதன் உயிருக்குத் தீங்கு செய்வதோடு, அரசுடைமையைக் கைப்பற்றியவரும் ஆவர். உண்மையிலேயே அடிபட்ட விலங்கையோ பறவையையோ கண்டால் 1515 க்கு அறிவித்தல் வேண்டும். ஃபிக்குட்சாவில் லிபு என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் காட்டுயிர் மீட்பு நிலையம் அத்தகையவற்றைப் பராமரிக்கின்றது.

காட்டுப்பன்றி இறைச்சியை நண்பர் ஒருவர் அன்போடு கொடுக்கலாம். மிருக வைத்தியர் சோதித்தது என்று உறுதி இல்லாவிடில் அதைப் பெறாதிருப்பதே நன்று. திரிகினெல்லா என்னும் நுண்புழு அவ்விறைச்சியில் இருக்கக்கூடும். உப்பிட்டு உலர்த்துவதாலும் புகையூட்டுவதாலும் அது சாவதில்லை. ஊரில் இறைச்சியை வற்றலாக்கிப் பழகியவர்கள் இதைக் குறிப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். மேலும், 2022 ஜனவரியில் வட இத்தாலியில் காட்டுப்பன்றிகளிடையே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது. ஆனால் பன்றி இறைச்சி உணவின் மிச்சத்தைக் காட்டில் எறிவதாலும் அது பரவும். பொதிசோற்றின் எச்சத்தை வீட்டுக்கே எடுத்துவந்து குப்பைத்தொட்டியில் இடுவது எளிது.

காளான் பறிப்பவருக்குத் தனி அனுமதிச்சீட்டு தேவை. பறித்ததை மாகாண சுகாதாரப் பிரிவின் காளான் பரிசோதகரிடம் காட்டாமல் சமைத்தல் ஆகாது.

இறுதியாக உண்ணி. வேட்டை நாய்களும் ஆடுகளும் திரியும் புல்வெளிகளில் அது மிகுதி. சிசிலியில் வெப்பகாலத்தில் உண்ணிக் கடியால் மத்தியதரைப் புள்ளிக்காய்ச்சல் உண்டாகும். கடித்த இடத்தில் சிறு கரும்புண், பின்னர் கடுங்காய்ச்சல், அதன் பின் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலெங்கும் சிவந்த தடிப்பு என அது வளரும். காலந்தாழ்த்தாமல் உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகும். வெறும் காய்ச்சல் என்று பரசித்தமோல் உண்டு காத்திருந்தால் முதியோர்க்கு உயிராபத்தும் நேரும். நடை முடிந்து வீடு சேர்ந்ததும் குழந்தைகளின் காதோரம், அக்குள், முழங்காலின் பின்புறம், தலைமுடியின் அடி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். ஒட்டியிருக்கும் உண்ணியை எண்ணெய் பூசியோ தீக்குச்சியால் சுட்டோ அகற்றலாகாது. சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, அன்றைய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த இரு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் குடும்ப வைத்தியரிடம் அந்தத் தேதியையும், எந்தக் காட்டுக்குச் சென்றதென்பதையும் முதலிலேயே கூறுதல் வேண்டும்.